சுவருக்கு வெளியே நின்றவளுக்கு

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. எதிர்வீட்டு டீச்சர் காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்திருக்கிறார். இன்று காலை அந்த ஆள் தகர டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீரை ஊற்றினார். அது புஸ்ஸென்று கொதித்து எழுந்த நெடி தெருவைத் தாண்டி என் சமையலறை வரைக்கும் வந்தது. இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். வந்து நின்ற பிறகுதான் யாரைத் தேடி வந்தேன் என்று புரிந்தது.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. தேவைப்படவில்லை. மினிபஸ் ஏறினால் விஸ்வநத்தம். இறங்கினால் உன் வீடு. நான் நீட்டி முழக்கிப் பேசினால் நடுவிலேயே மறித்து, "சுருக்கமாச் சொல்லுங்க சிஸ்டர், அடுப்புல சோறு கெடக்கு" என்பாய். இன்று சுருக்கமாகச் சொல்ல முடியாது. உன் அடுப்பிலும் ஒன்றும் இல்லை. பொறுமையாகக் கேள்.

தீக்காய வார்டுக்கு உன்னைக் கொண்டுவந்த அன்று நான் பகல் டியூட்டி. முகத்தில் பாதி தப்பித்திருந்தது. கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் வெந்திருந்தன. களிம்பு தடவிக் கட்டுப் போடும்போது மற்றவர்கள் எல்லாரும் கடவுளைக் கூப்பிடுவார்கள், அம்மாவைக் கூப்பிடுவார்கள். நீ மட்டும் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தாய். பாண்டியம்மா, முத்துமாரி, செல்வி. உன் பிள்ளைகள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உன்னோடு அறையில் வேலை பார்த்தவர்கள் என்று.

நடந்ததை நீ எனக்குச் சொன்னது பல நாள் கழித்து. பட்டாசு ஆலையில், பேன்சி ரகத்துக்குக் குழாயில் வெடிமருந்து அடைக்கிற வேலை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. மருந்து கைக்குச் சுடுகிறது, வெயில் தாழட்டும், நிறுத்திக்கொள்கிறோம் என்று நீங்கள் நாலு பேரும் கேட்டீர்கள். "சீசன் நேரத்துல இப்பிடிச் சொன்னா எப்பிடிம்மா? லோடு நிக்குது. அடைங்க, அடைங்க" என்று சொல்லிவிட்டுப் போர்மேன் அடுத்த அறைக்குப் போனார். நீ தண்ணீர் குடிக்க எழுந்து வாசற்படியில் கால் வைத்தாய். பின்னால் வெளிச்சம் வந்தது. ஓடியிருந்தால் கைக்குக்கூட ஒன்றும் ஆகியிருக்காது. நீ திரும்பி, கைக்கு அகப்பட்டவரை இழுக்கப் பார்த்தாய். யாரும் அகப்படவில்லை. செல்விக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

விசாரணை நடந்தது. விபத்துக்குக் காரணம் உராய்வு என்று எழுதினார்கள். போர்மேன் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தார். நீ அதைவிட அதிக நாள் எங்கள் வார்டில் இருந்தாய்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு கட்டு மாற்ற நீ வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர உனக்கு ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். கணவர் போய்ச் சேர்ந்து வெகு காலம், மகளைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தாய். டியூட்டி முடிந்து, பையில் பஞ்சும் களிம்பும் எடுத்துக்கொண்டு நானே வந்தேன். அன்று நல்ல மழை. உன் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விரிசல் விட்டிருந்தது. கட்டிலை எங்கே நகர்த்தினாலும் ஒழுகியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நீ நின்றுகொண்டே இருந்தாய், கட்டு நனையக் கூடாதென்று. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "மளை எப்பம் புடிச்சுச்சோ அப்பம்லருந்து சிஸ்டர்" என்றாய்.

வார்டில் நான் எத்தனையோ பார்த்தவள். அன்று உன் வீட்டில்தான் அழுதேன்.

எங்கள் சர்ச்சில் செல்லையா என்று ஒரு கொத்தனார் உண்டு. அவரிடம் போய்ச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையே அவர் வந்தார். என்னோடு வேலை பார்த்த இரண்டு நர்சுகள், எதிர்வீட்டு டீச்சர், அவருடைய தம்பி, எல்லாருமாகச் சேர்ந்து பழைய ஷீட்டைப் பிரித்துப் புதிது போட்டோம். செல்லையா அண்ணனைத் தவிர நாங்கள் யாரும் அதற்கு முன்னால் ஏணியில் ஏறியவர்கள் இல்லை. நீ வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்கன இல்ல, இங்கன, இன்னுங் கொஞ்சம் கீள" என்று மேஸ்திரி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தாய். வேலை முடிந்ததும் நன்றி சொல்லுவாய் என்று எல்லாரும் உன்னைப் பார்த்தோம். நீ கேட்டது வேறு.

"அடுத்தது யாரு வீடு சிஸ்டர்?"

அடுத்தது என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது. கண் போன ஒரு பட்டாசுத் தொழிலாளி வீட்டுக் கதவு, கீலிலிருந்து கழன்று கயிற்றில் நின்றது. அச்சங்குளத்தில் பிள்ளைகளோடு தனியாக இருந்த ஒருத்தி வீட்டில் கழிப்பறைக்குக் கூரையே இல்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டில் எது உடைந்திருக்கிறது என்று நீ மனதில் வைத்திருந்தாய். அந்த வீடுகளுக்குப் போனால் "உதவி வேணுமா" என்று நீ கேட்டதே இல்லை. உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது, "ஆமா, எங்கன ஒளுகுது?" என்று கேட்பாய். அப்படிக் கேட்டால் யாருக்கும் மறைக்கத் தோன்றாது. ஒரு தாத்தா மட்டும் விறைத்துக்கொண்டு, "என் வீட்ல எங்கயும் ஒளுகல" என்றார். நீ அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பம் வானம் தெரியுதே தாத்தா, அது என்ன, படமா?" என்றாய். அவர் சிரித்து, சிரித்த வாக்கிலேயே அழுததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் விரல்கள் மடங்கிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டன. கரண்டி பிடிக்க வராது, சுத்தியல் பிடிக்க வராது. நீளக் கம்பு போட்ட மட்டையை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி வெள்ளையடிக்கக் கற்றுக்கொண்டாய். சுண்ணாம்பு தெறித்தால் அந்தத் தோல் தாங்காது. அதனால் சனிக்கிழமைகளில் வேலை தொடங்கும் முன் உன்னைப் பிடித்து உட்காரவைத்து, முழங்கைவரை தேங்காய் எண்ணெய் தடவிவிடுவது என் வேலை. மேடும் பள்ளமுமான அந்தக் கைகளின் ஒவ்வொரு தழும்பும் எனக்கு மனப்பாடம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. ஒரு மனுஷியின் கையை, டியூட்டி என்று இல்லாமல், நான் பிடித்திருந்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான். "சிஸ்டர்னு கூப்பிடாதே, பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "வாயில வர மாட்டேங்குது சிஸ்டர்" என்று சிரிப்பாய்.

இனி அந்த வடக்குத் தெரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் செல்லையா அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளேயும் வராமல், போகவும் செய்யாமல் தயங்கினார். "போர்மேன் வீட்டு வடக்குச் சுவரு விளுந்துருச்சு சிஸ்டர். அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் இளுத்துக் கெடையில கெடக்காரு. அவரு சம்சாரம் ராமுத்தாயி என்கிட்ட வந்து அளுதுச்சு. சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு உள்ள ரெண்டு பேரும் இருக்காக. நான் என்ன சொல்லட்டும்?"

எங்களுக்குள் சண்டையே வந்தது. டீச்சர், "அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன், மூணு உசுரு போயிருக்கு" என்றார். ஒரு நர்ஸ், "நோயாளின்னா நோயாளிதான்" என்றாள். உன்னிடம் யார் சொல்வது என்பதில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னிடம் சொல்லாமலே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் மட்டும் உனக்கு வேறு வேலை ஏதாவது சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் நான் வருவதற்குள் உனக்குத் தெரிந்திருந்தது. விஸ்வநத்தத்தில் ஒரு சுவர் விழுந்தால் உனக்குத் தெரியாமல் இருக்குமா?

"என்னைய விட்டுட்டுப் போலாம்னு பாக்கீகளா?" என்று கேட்டாய்.

"நீ வர வேண்டாம்னு யாரும் சொல்லல. வந்தா உனக்குத்தான் கஷ்டம்."

"அந்தம்மா என்ன செஞ்சுச்சு? அதும்தான நனையுது." மணிக்கட்டுகளால் தட்டை எடுத்துச் சோற்றுப் பானையை மூடினாய். "வாரேன். அந்த ஆளு மொகத்தப் பாக்க மாட்டேன். அந்த வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன். அதுக்கு என்னைய யாரும் ஒண்ணும் சொல்லப்பிடாது."

வந்தாய். நீ வந்ததால் டீச்சரும் வந்தார். அன்று காலையிலும் உன் கைகளுக்கு எண்ணெய் தடவிவிட்டேன். சிமெண்டுக் கலவையைச் சட்டியில் அள்ளி உன் தலையில் ஏற்றிவிட்டோம். நாள் முழுக்கச் சுமந்தாய், சுவருக்கு வெளிப்பக்கமாகவே. உள்ளே ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. ராமுத்தாய் ஒரு தட்டில் டீ டம்ளர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்து வந்து, உன் முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். நீ பக்கத்திலிருந்த உன் பாட்டிலை மணிக்கட்டுகளால் தூக்கிக் காட்டி, "எனக்கு இருக்கு" என்று மட்டும் சொன்னாய். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாருக்கும் அந்த டீ இறங்கவில்லை.

சுவர் கழுத்துயரம் எழும்பியிருந்தது. உள்ளே கட்டிலிலிருந்து அவர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாய் கோணியிருந்ததால் பாதிதான் பெயராக வந்தது. மறுபடியும் கூப்பிட்டார். பிறகு அழுகிற சத்தம். செல்லையா அண்ணன் கையில் செங்கலோடு நின்றார். நாங்கள் எல்லாரும் நின்றோம். நீ சுவருக்கு இந்தப் பக்கம், ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தாய். ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

நீ நிமிர்ந்து பார்த்துச் சொன்னாய்: "அண்ணே, அந்த மூலையில கலவை பத்தாது. இன்னும் வச்சுப் பூசுங்க. சாரல் அங்கனதான் அடிக்கும்."

பொழுது சாயும்போது சுவர் முடிந்தது. நல்ல சுவர். திரும்பி நடந்து வருகையில் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது அப்படி. "மன்னிச்சிட்டா உனக்கே லேசா இருக்கும்" என்றேன்.

நீ நடுரோட்டில் நின்றாய். அவ்வளவு கோபத்தை உன் முகத்தில் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. "யாருக்கு லேசா இருக்கும் சிஸ்டர்? பாண்டியம்மாளுக்கா? மண்ணுக்குள்ள கெடக்காளே செல்வி, அவளுக்கா? என் கைக்கு வேணும்னா நான் மன்னிப்பேன். அது என் கை. அவுக மூணு பேருக்கும் சேத்து மன்னிக்க நான் யாரு? என்னையவே ஏன் எல்லாரும் கேக்கீக?"

அதன் பிறகு அதைப் பற்றி நாம் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை எம். புதுப்பட்டியில் ஒரு ஓட்டு வீட்டுக்கு ஓடு மாற்றப் போனோம். வழக்கம்போலச் சிரித்தாய், வழக்கம்போல அதட்டினாய்.

அன்று வெடித்த புகை உன் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் மூச்சு இரைப்பு கூடிக்கொண்டே வந்தது. கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். பார்வையாளர் நேரத்தில், பார்வையாளர்கள் உட்காரும் ஸ்டூலில், கையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்த நர்ஸ் பிள்ளை, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். நீதான் ஆக்சிஜன் முகமூடியைத் தள்ளிவிட்டு, "எங்க சிஸ்டரு" என்றாய். அவள் என்னை உன் கூடப் பிறந்தவள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் அதைச் சொன்னாய். மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாய். "சிஸ்டர், ஒங்க மனசு எனக்குத் தெரியும். நான் போன பெறகு, போர்மேன் வீட்டுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு, நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிப்புடுவீக. சொல்லிராதீக."

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் விடிந்து, தரை துடைக்கிற அம்மா வாளியோடு வந்த நேரத்தில் நீ போனாய். எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி அனுப்பிய கை இது. உன் மகள் கேட்டுக்கொண்டதால் உன்னையும் நானே குளிப்பாட்டினேன். கைகளைத் துடைக்கும்போது மட்டும் வழக்கத்தைவிட நேரம் எடுத்தேன். காரியம் முடிந்து உன் மகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனாள். நான் மினிபஸ்ஸில் அந்த வழியாகப் போக நேர்ந்தால் மறுபக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

நீ இல்லாமல் சனிக்கிழமைகள் கொஞ்ச நாள் ஓடின. பிறகு நர்சுகளுக்கு மாறுதல் வந்தது. செல்லையா அண்ணனுக்கு மூட்டு வலி. ஏணி ஏற முடியவில்லை. எதிர்வீட்டு டீச்சர் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். யாரும் நிறுத்துவோம் என்று சொல்லவில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தட்டைக் கழுவி வைத்தால், இருட்டும் வரைக்கும் எனக்கு வேலை இல்லை. தம்பி சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அதுவரைக்கும் என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு. ஒரு நாள் பால்காரரிடம் பேச வாய் திறந்தபோது தொண்டை கம்மிப்போய் வெறும் காற்றுதான் வந்தது.

போன மாதம் போர்மேன் இறந்தார். துட்டி விசாரிக்க நான் போகவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறு வாரம் ராமுத்தாய் என்னைத் தேடி வந்தார். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கேட்டார்.

"சிஸ்டர், நீங்கதான் கடசி வரைக்கும் அந்தப் புள்ளகூட இருந்தீகளாம். எங்க வீட்டுக்காரரு சாகுற மட்டும் அதையேதான் பொலம்புனாரு. அந்தப் புள்ள எங்கள மன்னிச்சுச்சா?"

என் முன்னால் இருந்தது ஒரு விதவை. கண்ணுக்குக் கீழே கருத்து, ரவிக்கை தொளதொளத்துப்போயிருந்தது. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அவர் தூங்கிவிடுவார். இப்படிப்பட்ட வார்த்தைகளை வார்டில் நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவரின் மனைவியிடம்கூட, சரியாகிவிடும் என்று சொன்னவள் நான். அது உனக்கும் தெரியும். அதனால்தானே சத்தியம் வாங்கினாய்.

"இல்லக்கா" என்றேன். "அவ மன்னிக்கல."

அவர் தலை ஆடியது. எதிர்பார்த்த அடி விழுந்தது போல.

"ஆனா அந்த மூலையில சாரல் அடிக்கும், கலவை கூட வைங்கன்னு சொன்னது அவதான். நீங்க நனையக் கூடாதுன்னு நினைச்சா. அதுவும் நிஜம்."

அவர் அழவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்தார். டம்ளரைத் தானே போய்க் கழுவிக் கவிழ்த்தார். "பொய் சொல்லிருவீகளோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன்" என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அந்தச் சனிக்கிளம வேல இப்பம் நடக்கா?" என்று கேட்டார். ஆள் இல்லை என்றேன். "நான் சும்மாதான இருக்கேன்" என்றார்.

போன சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அச்சங்குளம் போனோம். உனக்குத் தெரிந்த அதே வீடுதான்; இப்போது கழிப்பறைக் கதவு இற்றுவிட்டது. அங்கேயே ஒரு தச்சரைப் பிடித்தோம். ராமுத்தாயோடு எனக்குப் பேச்சு ஓடவில்லை. அவர் உன் இடத்துக்கு வந்தவர் இல்லை. வர நினைக்கவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு திரும்பினோம். இறங்கும்போது மட்டும், "வாரேன் சிஸ்டர்" என்றார்.

நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறேன். எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், மற்றவர்களை மன்னிப்பதைப் பற்றி ஒரு வரி வரும். வாழ்நாள் முழுக்க யோசிக்காமல் சொன்ன வரி. இப்போது அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். என் கோபம் இல்லை அது. எனக்கு யாரும் ஒரு தீங்கும் செய்யவில்லை. நீ விட்டுப்போனதை வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, அதனால் நான் வைத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்கள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன்.